சித்திரை பிறப்பதற்குள்

எங்கள் கட்டில் போன வாரத்திலிருந்து நான்கு கட்டைகளின் மேல் நிற்கிறது. பிரசவம் நெருங்கிய பெண் இருக்கிற வீட்டில் கட்டிலைத் தூக்கி வைக்க வேண்டும் என்பது நெதர்லாந்தில் எழுதப்பட்ட விதி. பிள்ளை பிறந்த பிறகு ஒரு வாரம் போலத் தாயையும் சேயையும் கவனிக்க வீடு தேடி ஒரு பெண்மணி வருவார். அந்தச் சேவைக்கு க்ராம்ஸோர்க் என்று பெயர். வருகிறவர் குனிந்து குனிந்து முதுகைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கட்டில் அவர் இடுப்பு உயரத்துக்கு வர வேண்டுமாம். ‘க்ளோசன்’ என்று இவர்கள் சொல்லும் அந்தக் கட்டைகளை என் கணவர் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். இந்த ஊர்ப் பெண்கள் நெட்டையானவர்கள், அவர்களுக்கு அது பொருந்தும். நான் ஒரு முக்காலி போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஹைவேயில் நிற்கிற லாரியில் ஏறுவதுபோல ஏறுகிறேன். ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டுவதில்லை. அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறேன்.

லாரி என்று எழுதியதும் பாடாலூர் ஞாபகம் வந்துவிட்டது. திருச்சி–சென்னை ரோட்டோரம் வெள்ளரிப்பிஞ்சும் கொய்யாவும் தள்ளுவண்டியில் வைத்து விற்பவர் என் அப்பா. அம்மா சின்ன வெங்காயம் அறுக்கவும் பருத்தி எடுக்கவும் போவாள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்தவர் ஒருவரும் இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்த முதல் ஆளும் நான்தான். இந்த இரண்டையும் அம்மா எப்போதும் சேர்த்தே சொல்வாள், ஏதோ ஒன்றினால்தான் மற்றொன்று நடந்ததுபோல. நான் பெரம்பலூரில் இன்ஜினியரிங் முடித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி, இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த பிறகும் எங்கள் தெருவில் யாருக்கு ஸ்கேன் எடுத்தாலும் அந்த ரிப்போர்ட் முதலில் என் போனுக்குத்தான் வரும். வாசித்து, தமிழில் விளக்கி, குரலாகவே அனுப்புவேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போதும் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

இங்கே பிள்ளை உண்டானவளை டாக்டர் பார்ப்பதில்லை. ஃபெர்லோஸ்கண்டிகெ என்ற பிரசவத் தாதிதான் பார்க்கிறார். படித்துப் பட்டம் வாங்கியவர். என்னுடையவர் பெயர் மரெய்கெ. ஐம்பது வயதிருக்கும், சைக்கிளில் வருவார், தலையில் நனைந்த தொப்பி. முதல் சந்திப்பிலேயே அவர் கேட்டார்: “எங்கே பெற்றுக்கொள்ளப் போகிறாய்? வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா?” நான் ஆங்கிலம் சரியாகப் புரியவில்லையோ என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். அவர் நான் வெட்கப்படுவதாக எண்ணிக்கொண்டார். “உங்கள் நாட்டில் வீட்டில் பெறுவதுதானே வழக்கம்? வீட்டுப் பெண்களெல்லாம் சூழ்ந்திருக்க. எவ்வளவு அழகு!” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “எங்கள் மாவட்டத்தில் யாரும் வீட்டில் பெறுவதில்லை. பெற்றால் நர்ஸ் வீடு தேடி வந்து சண்டை போடுவார்” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “அரசாங்கம் அப்படி வற்புறுத்துகிறதா? பாவம் அந்தப் பெண்கள்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பெருமையாகச் சொன்னதை அவர் முறையீடாக எடுத்துக்கொண்டார். திருத்துவதற்கு எனக்கு வார்த்தை போதவில்லை. என் அம்மா எதிலிருந்து தப்பித்து ஓடி வந்தாளோ, அதையே இந்த நாடு ஒரு வசதியாகத் தட்டில் வைத்து நீட்டுகிறது என்பதை எந்த மொழியில் சொல்வது?

என் தங்கை மலருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் நாள் தள்ளிப்போனது. அவள் எனக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக முன்னால். ப்ளஸ் டூ வரைக்கும் படித்தவள். அரியலூர்ப் பக்கம் விக்கிரமங்கலத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார், சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்கு. நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். ஆரம்பத்தில் மலருக்கு வலி என்றாலே பயம். போனில் ஒருநாள், “ஆபரேசன் பண்ணி எடுத்துட்டா வலிக்கவே வலிக்காதாம்க்கா. எங்க தெருவுல எல்லாருக்கும் அப்படித்தான். காலையில போயி மத்தியானம் புள்ளையோட படுத்திருக்காளுவ” என்றாள். எனக்கே அப்போது அதிகம் தெரியாது.

பிறகு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் படிக்கத் தொடங்கினோம். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளை உட்காரவைத்து நர்சம்மா பேசுகிற வகுப்பில். நான் இங்கே ஒரு சமுதாயக்கூடத்தில், ஸ்வாங்கர்ஸ்காப்ஸ்கர்சஸ் என்று மூச்சுவிடாமல் சொல்ல வேண்டிய பெயருடைய வகுப்பில். மூச்சு விடுவதைத்தான் அங்கே சொல்லித்தருகிறார்கள். கர்ப்பப்பை வாய் எப்படித் திறக்கிறது, வலி எப்படி அலையாக வந்து போகிறது, எப்போது கத்தி வைப்பது உயிரைக் காக்கும், எப்போது அவசியமில்லை என்பதையெல்லாம் பஞ்சு பொம்மையையும் பிளாஸ்டிக் இடுப்பெலும்பையும் வைத்து விளக்குவார்கள். கணவர்களும் வர வேண்டும். ஒருநாள் ஆசிரியை எல்லாக் கணவர்கள் கையிலும் பனிக்கட்டியைக் கொடுத்து, இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார். வலி என்றால் என்ன என்று அவர்களுக்குக் கொஞ்சமாவது தெரியட்டுமாம். என் கணவர் பாதியிலேயே கீழே போட்டுவிட்டார். பக்கத்திலிருந்த நெட்டை டச்சுக்காரர் கண் சிவக்கப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தோம்.

அன்று படித்ததை அன்றே மலருக்குச் சொல்லிவிடுவேன். படம் அனுப்புவேன், வீடியோ அனுப்புவேன், பந்து மேல் உட்கார்ந்து இடுப்பைச் சுற்றுவதைச் செய்து காட்டுவேன். அவள் பந்துக்கு எங்கே போவாள்? அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சுற்றினாள். “நர்சம்மாவும் இதையேதான்க்கா சொன்னாங்க. ஆனா உன்ன மாதிரி ஆடிக் காட்டல” என்று சிரிப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் பேச்சு மாறியது. ஏழாம் மாதத்தில் ஒரு நாள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, “அதுவா வரட்டும்க்கா. அதுக்கு எப்ப வரணும்னு தெரியுமாம்ல? அது கெளம்புறப்ப நான் கூடவே இருந்து கூட்டிட்டு வரேன்” என்றாள். வலிக்குப் பயந்தவள் சொன்னது இது. கல்வி ஒரு பெண்ணை எப்படி நிமிர்த்தும் என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால், அன்று மலரின் முகத்தைக் காட்டியிருப்பேன். ரத்தம், சர்க்கரை, பிரஷர், பிள்ளையின் தலை எல்லாமே சரியாக இருந்தன. காத்திருப்பதற்கு ஒரு தடையும் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான், காத்திருக்க விட வேண்டும்.

வளைகாப்பு முடிந்து அவள் பாடாலூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். டாக்டர் குறித்துக்கொடுத்த தேதி சித்திரை மாதத்தின் நடுவில் விழுந்தது. எங்களுக்கு யாருக்கும் அது உறைக்கவில்லை. நானோ ஏப்ரல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதப் பெயர்கள் மாறிப்போனால் பயங்களும் காணாமல் போய்விடுகின்றன, வெளிநாட்டு வாழ்க்கையின் ஒரு பக்கம் இது. சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துத் தலைவனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறார்கள். அதற்குப் பயந்துதான் ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறார்கள். மலரையும் அழைத்துத்தான் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை லாரியோடு இரண்டு முறை பாடாலூர் வழியாகப் போனார் என்பது ஆடியை எழுதிவைத்தவர்களுக்குத் தெரியாது.

பங்குனி பாதி கடந்தபோது மலரின் மாமியார் பழத்தட்டோடு வந்தார். நான் அப்போது வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். மலர் போனை மிக்ஸியில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்துபோனாள். அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சுற்றுகிற பேன், சுவரில் பாதி காலண்டர், அந்த அம்மாளின் ஒரு தோள்.

“சித்திரை பொறக்கறதுக்குள்ள எடுத்துடணும் சம்மந்தியம்மா” என்று ஆரம்பித்தார். “பங்குனிக் கடைசியில நல்ல நாளு ஒண்ணு கெடக்கு. ஜோசியரு நேரமும் சொல்லிட்டாரு. டவுன்ல அந்த நர்சிங் ஹோம்ல பேசிட்டேன். அந்த நேரத்துக்கே எடுத்துக் குடுக்கிறாங்களாம்.”

அம்மாவின் குரல் கேட்கவில்லை. மலர்தான் பேசினாள். “அத்தை, இன்னும் நாளு இருக்குங்க. வலி வந்தாத்தான் புள்ளை தயாரா இருக்குன்னு அர்த்தமாம். அதுக்கு முன்னாடி எடுத்தா மூச்சுக்குச் செரமப்படும்னு நர்சம்மா சொன்னாங்க.”

“நாளைக்கு ஒண்ணுன்னா நர்சம்மாவா வந்து எம் மவனுக்குப் பதில் சொல்லுவாங்க?”

நான் இங்கிருந்து கத்தினேன். “அத்தை, நான் கொஞ்சம் பேசட்டுங்களா?” தோள் திரும்பியது. முகம் முழுக்க போனை நிறைத்தது. “அடியாத்தே, ஹாலந்து லைன்லயே இருக்கா! நல்லாருக்கியா கண்ணு? அங்க குளுரு தாங்குதா?” என்று சிரித்தார். நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். நுரையீரல் கடைசியாகத்தான் முழுமையடையும் என்றேன். முதல் பிரசவத்திலேயே கத்தி வைத்தால் அடுத்ததற்கும் அதுவேதான் என்றாகிவிடலாம் என்றேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் கேட்டார்: “உங்க ஊருல பங்குனி சித்திரையெல்லாம் உண்டா கண்ணு?”

“இல்லைங்க அத்தை.”

“அப்ப உனக்கு எப்படித் தெரியும்? எங்க சின்னத் தம்பி சித்திரையில பொறந்தான். ஆடிக்குள்ள எங்கப்பாரு மோட்டார் கொட்டாயில கரண்டு அடிச்சுப் போயிட்டாரு. எம் மவன் கல்லு லாரி ஓட்டுறான். தெனம் அவன் வூடு வந்து சேர்ற வரைக்கும் நான் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன். நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு, நான் என்ன பண்ண?”

அவரை ஒரு கொடுமைக்காரியாக எழுத என்னால் முடியவில்லை. அவருடைய கணக்கில் ஒரு பக்கம் மகனின் உயிர், மறுபக்கம் மருமகளின் வயிற்றில் ஒரு தழும்பு. எந்தத் தாயாக இருந்தாலும் எதை விடுவாள் என்று கேட்கவே வேண்டியதில்லை. நான் படித்த எந்தப் பாடத்திலும் சித்திரைக்குப் பதில் இல்லை.

மறுநாள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். அவள் மலர் பக்கம் நிற்பாள் என்று உறுதியாக நம்பினேன். “நீ ஏம்மா ஒண்ணும் பேசல? எடுக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல?” என்றேன்.

அம்மா வெங்காயத்தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். “உனக்கு மூத்தது ஒருத்தன் இருந்தான், தெரியும்ல?” என்றாள்.

தெரியும். பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட அண்ணன். அதற்குமேல் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

“அப்ப எல்லாரும் காத்திருன்னுதான் சொன்னாங்க. வலி வரும், வரும்னாங்க. தண்ணி ஒடஞ்சு போயும் காத்துக்கிட்டு கெடந்தேன். மழை, வண்டி கெடைக்கல. அது உள்ளாறயே அடங்கிப்போனது எனக்குத் தெரியும்டி. துள்ளிக்கிட்டு இருந்தது, அப்பறம் துள்ளல. நீ சொல்றதெல்லாம் சரியாத்தான் இருக்கும். நீ படிச்சவ. ஆனா இன்னொரு தடவை என்னால காத்துக்கிட்டு உக்கார முடியாது. கத்தியோ கித்தியோ, டாக்டர் கையில போட்டுட்டா எனக்குத் தூக்கம் வரும்.”

அன்று காத்திருந்ததற்கும் இன்று காத்திருப்பதற்கும் என்ன வேறுபாடு என்று விளக்கினேன். இன்று நர்ஸ் இருக்கிறார், 108 இருக்கிறது, வயிற்றில் கருவி வைத்து பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே காத்திருக்கலாம். அம்மா கேட்டுக்கொண்டாள். “சரி, போனை வச்சிடட்டுமா, உலையில அரிசி போடணும்” என்றாள்.

ஆக மூன்று பெண்கள், மூன்று பயம், மூன்றுக்கும் நியாயம் உண்டு. இதில் வகுப்புக்குப் போனவள் மலர் ஒருத்திதான். நான் அந்தச் சமுதாயக்கூடத்துப் பனிக்கட்டியை நினைத்துக்கொண்டேன். அதை எடுத்துப் போய் யார் யார் கையில் வைக்க வேண்டும் என்று ஒரு வரிசை மனதில் ஓடியது. மாமியார், ஜோசியர், மாப்பிள்ளை, அம்மா. பாடாலூர் வெயிலில் யார் கைக்கும் போய்ச் சேருவதற்குள் அது உருகிவிடும். எங்கள் ஊரில் பிள்ளை பெறப்போகிறவளுக்கு மட்டும் பாடம் எடுக்கிறார்கள். எப்படிப் பெறுவது என்று முடிவு செய்கிறவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வகுப்பு எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாப்பிள்ளையிடமும் பேசினேன். “நீங்க சொல்றது புரியுதுங்க அண்ணி. மலரு இஷ்டப்படியே இருக்கட்டும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நானும் மலரும் சில நாட்கள் நிம்மதியாக இருந்தோம். “வேண்டாம்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு. டாக்டர்கிட்ட நேரா கேளு. என்ன காரணம்னு கேளு” என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

அவள் கேட்கவும் செய்தாள். அந்த நர்சிங் ஹோமில் ஸ்கேன் பார்த்த டாக்டர், தண்ணி கம்மியா இருக்கு, எடுத்துடலாம் என்றாராம். மலர், “போன வாரம் ஸ்கேன்ல தண்ணி சரியா இருக்குன்னுதான மேடம் சொன்னாங்க? இப்ப எவ்வளவு இருக்கு?” என்று கேட்டிருக்கிறாள். டாக்டர் கோபிக்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தபடி, “உங்க வீட்டம்மா டாக்டருக்குப் படிச்சிருக்காங்களா சார்?” என்றாராம். மாமியார், “அவ அக்கா பாரின்ல இருக்கா மேடம், போன்லயே பாடம் எடுக்கிறா” என்றதும் நர்ஸ்கள்கூடச் சிரித்துவிட்டார்களாம்.

“மாப்பிள்ளை என்ன சொன்னாரு?” என்று பிறகு மலரிடம் கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல. செல்லயே பாத்துக்கிட்டு இருந்தாரு.”

தண்ணீர் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். ஒரு வாரத்தில் குறைவது உண்டு, நானே படித்திருக்கிறேன். இல்லாமலும் இருக்கலாம். பங்குனியின் கடைசியில், ஜோசியர் சொன்ன நேரத்துக்குச் சரியாக ஏன் குறைந்தது என்று கேட்கும் இடத்தில் யாரும் இல்லை. குறைவு என்ற சொல்லுக்கு எதிராக நான் இங்கிருந்து எதைக் காட்ட முடியும்? பிள்ளைக்கு ஒன்று ஆனால் என்ற கேள்வி வந்துவிட்ட பிறகு தாயின் விருப்பம் என்பது எந்த ஊரிலும் வாய் திறக்காது. மலரும் திறக்கவில்லை. படுத்துக்கொண்டாள்.

பெண் குழந்தை. நல்ல நட்சத்திரம். மாமியார் விக்கிரமங்கலத்தில் தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். குழந்தை மூச்சு வாங்கியது, விலா உள்ளே போய்ப் போய் வந்தது. உடனே வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். மலர் ஓரிடம், பிள்ளை ஓரிடம். மாப்பிள்ளை போனில் எடுத்து வந்த படத்தைப் பார்த்துதான் அவள் தன் மகளின் முகத்தைத் தெரிந்துகொண்டாள். வருஷப்பிறப்பு அன்றைக்கு என் போனுக்கு ஊரிலிருந்து வாழ்த்துகள் வந்து குவிந்தன. மாங்காய், வேப்பம்பூ, கண்ணாடி முன்னால் கனிகள். மலரிடமிருந்து எதுவும் வரவில்லை.

குழந்தை பிழைத்துவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் இதைப் படிக்கிற நீங்கள் தவித்துப்போவீர்கள். வீட்டுக்கு வந்துவிட்டது, பால்தான் சரியாக இழுக்கவில்லை. மலருக்குத் தையல் பழுத்து, பிரித்து, மறுபடி கட்டினார்கள். மாப்பிள்ளை நலமாக லாரி ஓட்டுகிறார். பார்த்தாயா, சித்திரைக்கு முன்னால் எடுத்ததால்தான் என்று மாமியார் சொல்கிறார். அதை யாராலும் பொய்யாக்க முடியாது.

சித்திரை முடிகிற சமயத்தில் ஒருநாள் மலரே கூப்பிட்டாள். நான் ஆறுதலாக ஏதோ ஆரம்பித்தேன். அவள் இடையில் நிறுத்தினாள்.

“பக்கத்துப் பெட்டுல ஒரு பொண்ணு இருந்துச்சுக்கா, குன்னம் பக்கம். அதுக்கும் அன்னிக்குத்தான் ஆபரேசன். அது பாட்டுக்குச் சிரிச்சிக்கிட்டே உள்ள போச்சு, சிரிச்சிக்கிட்டே வெளிய வந்துச்சு. ஒண்ணும் தெரியாது அதுக்கு. நான் எல்லாம் தெரிஞ்சிக்கிட்டுப் படுத்திருந்தேன். என்ன பண்றாங்க, எதுக்கு இப்பவே பண்றாங்க, புள்ளைக்கு என்ன ஆவும், எல்லாம். ரெண்டு பேருக்கும் அதே கத்திதான். எனக்கு மட்டும் எதுக்குக்கா அவ்வளவு தெரியணும்?”

நான் வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“இனிமே அந்த வீடியோல்லாம் அனுப்பாத.”

தெரிந்துகொண்டது வீண் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருத்தி டாக்டரைப் பார்த்து ‘எவ்வளவு’ என்று கேட்டாளே, அது எனக்குப் பெரிது. ஆனால் கேட்டவளுக்கே அது பெரிதாகத் தெரியவில்லை. எதிர்வீட்டில் ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கிற ஒரு பெண் அவளிடம் யோசனை கேட்டதற்கு, “ஆபரேசனே பண்ணிக்கடி, சட்டுனு முடிஞ்சிடும், எதையும் கேக்காத” என்று சொல்லியிருக்கிறாள். அம்மாதான் சொன்னாள். ஆரம்பத்தில் மலர் எங்கே இருந்தாளோ அங்கேயே திரும்பி வந்துவிட்டாள். அப்போது அவளிடம் இருந்தது பயம் மட்டும். நர்சம்மாவின் செவ்வாய்க்கிழமைகளும் என் பந்தும் அவளுடைய அரிசி மூட்டையும் சேர்ந்து அவளை இந்தச் சொல்லில் கொண்டுவந்து விட்டிருக்கின்றன: எதையும் கேட்காதே.

நேற்று மரெய்கெ வந்திருந்தார். கட்டிலின் உயரத்தை அளந்து பார்த்து, சபாஷ் என்பதுபோலக் கட்டையைத் தட்டினார். எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டிலேயே பெறலாம், தண்ணீர்த் தொட்டியில்கூடப் பெறலாம், ஆஸ்பத்திரியும் பக்கத்தில்தான் என்று மறுபடி அடுக்கினார். பிறகு இந்த நாட்டுக்கே உரிய கேள்வி: “வாட் வில் யெ ஸெல்ஃப்?” நீயாக என்ன விரும்புகிறாய்?

“ஆஸ்பத்திரி” என்றேன்.

“அது உன் விருப்பமா, உன் அம்மாவுடையதா?” என்று கனிவாகத்தான் கேட்டார். அம்மாவின் மூத்த பிள்ளையைப் பற்றி முன்பு ஒருநாள் அவரிடம் சொல்லியிருந்தேன். நான் பதில் தேடினேன். உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே அம்மா மழையில் வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். மலர் ஆபரேசன் மேடையில் படுத்திருந்தாள். அந்த நர்ஸ்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை. மலருக்கு ஒருவரும் தராத கேள்வி என் மடியில் கிடக்கிறது. எனக்கோ அதை எடுத்துப் பிடிக்கத் தெரியவில்லை. என் மௌனத்தை அவர் மொழிச் சிக்கல் என்று நினைத்து, மெதுவாக, எளிய சொற்களில், இன்னொரு முறை கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க இன்னும் நாள் இருக்கிறது என்று தட்டிக்கொடுத்துவிட்டு சைக்கிளில் போனார்.

அவர் போனதும் மலரைக் கூப்பிட்டேன். பிள்ளையைக் காட்டச் சொன்னேன். அம்மா போனை வாங்கி அறையைச் சுற்றிக் காட்டினாள். எங்கள் வீட்டில் எப்போதும் பாய்தான். மலருக்குத் தையலோடு தரையிலிருந்து எழ முடியவில்லை என்று யாரிடமோ ஒரு இரும்புக் கட்டில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அதுவும் தாழ்வாக இருந்ததால், அப்பா நான்கு காலுக்கும் கீழே ஹாலோ பிளாக் கல்லை வைத்துத் தூக்கியிருக்கிறார். அதன் விளிம்பில் மலர் பிள்ளையை மார்போடு சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“உன்னை அங்க யாருக்கா முடிவு பண்ணச் சொல்றா?” என்று கேட்டாள்.

“நானேதான் பண்ணணுமாம்.”

“ஒனக்கு மாமியாரு இல்லியா அங்க?” என்று லேசாகச் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. சிரித்ததும் தையல் இழுத்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை அழுதது. அம்மா போனைத் தலையணைமேல் வைத்துவிட்டு ஓடினாள்.

போன் சரிந்து கிடந்த இடத்திலிருந்து எனக்கு அந்தக் கட்டிலின் ஓரம் மட்டும் தெரிந்தது. சாம்பல் நிறக் கல், அதன் மேல் துருப்பிடித்த கால், அதற்குப் பக்கத்தில் தொங்குகிற மலரின் இரண்டு பாதங்கள். மெட்டி போட்ட விரல்கள் தரையைத் தேடி அசைந்தன, எட்டவில்லை. நான் போனை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன், இங்கே என் கட்டைகளின் மேல் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு.